இரண்டாவது ஜோடி

பாட்டு முடிந்த பிறகும் அதற்குப் பின்னால் யாரோ ஒருத்தி மெல்ல ராகம் இழுத்துக்கொண்டிருந்தாள்.

புவனேஸ்வரி கண்ணைத் திறக்கவில்லை. ஹெட்போனின் மெத்தைகள் இரண்டு காதுகளையும் சூடாக அழுத்திக்கொண்டிருந்தன. வீணை நின்றுவிட்டது. பாடியவளின் குரலும் நின்றுவிட்டது. பாட்டைப் பதிவு செய்த ஏதோ ஒரு மண்டபத்தின் காற்று மட்டும் மீதி இருந்தது. அந்தக் காற்றுக்குள், இடது பக்கம், பாடியவளுக்குச் சற்றுப் பின்னால், வாயைத் திறக்காமல் ஒரு பெண் "ம்... ம்ம்..." என்று இழுத்தாள். பிறகு அதுவும் இல்லை.

"சொல்லு," என்றான் கலைச்செல்வன், அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து. "மொதலாவதா, ரெண்டாவதா?"

"ரெண்டாவது."

"நெசமா சொல்றியா, இல்ல ஆள விட்டாப் போதும்னு சொல்றியா?"

"ரெண்டாவதுதாங்க நல்லாருக்கு."

ஆளை விட்டால் போதும் என்றுதான் சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டே முதல் ஜோடி வால்வுகளைப் பஞ்சில் சுற்றி டப்பாவில் வைத்தான்.

பெரம்பலூரில் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் லேப் அவன் பொறுப்பு. ஹெட்போனுக்கென்று, சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் ஒரு ஆம்ப்பைத் தானே செய்திருந்தான். டிபன் டப்பா அளவுக்கு ஒரு மரப்பெட்டி, அதன் தலையில், பழைய ரேடியோவில் இருப்பது போல, கட்டைவிரல் பருமனில் இரண்டு கண்ணாடி வால்வுகள். சுவிட்சைப் போட்டால் அவற்றுக்குள் கம்பி மெதுவாகச் சிவந்து, அந்தி வெளிச்சம் போல ஆரஞ்சாக நிற்கும். வால்வை மாற்றினால் அதே பாட்டு வேறு மாதிரிக் கேட்கும் என்பான். எந்த வால்வு செருகியிருக்கிறது என்று தெரிந்துவிட்டால் காது பொய் சொல்லும், அதனால் அவன் கேட்டுப் பிரயோஜனமில்லை. சாயங்காலம் அவள் முதுகைக் காட்டி உட்கார வேண்டும், கண்ணை மூட வேண்டும். அதே பாட்டை அதே அளவு சத்தத்தில் இரண்டு முறை போடுவான். அவள் சொல்லும் ஜோடி பெட்டியில் நிற்கும். தோற்றது பஞ்சுக்குப் போகும்.

அவளுக்கு அது சிரமமாக இல்லை. திருமழபாடியில் அம்மா வீட்டிலிருந்து பிள்ளையோடு திரும்பி வந்ததிலிருந்து, மனசிலிருந்து எதையும் எடுத்துக் கொடுக்காமல் செய்யக்கூடிய ஒரே வேலை அதுதான்.

மற்றதெல்லாம் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது, எடுக்கப் போனால் அங்கே ஒன்றுமில்லை. கவியா பிறந்த அன்று நர்ஸ் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தபோது, பக்கத்துக் கட்டில்காரியின் பிள்ளையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ளச் சொன்னது போலத்தான் வாங்கினாள். இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். குளிப்பாட்டினாள், பால் கொடுத்தாள், தூளியில் போட்டு ஆட்டினாள். பிள்ளை அழுதது. எடுத்தாலும் அழுதது, விட்டாலும் அழுதது. அவளுடைய கையில் என்ன இல்லை என்பது அதற்குத் தெரிந்திருந்தது.

கலைச்செல்வனின் அக்கா பானுப்ரியா அரியலூரிலிருந்து வரும்போதெல்லாம் அதையே சத்தமாகச் சொன்னாள்.

"புள்ளையத் தூக்குறியா, கேஸ் சிலிண்டரத் தூக்குறியாடி? மொகத்தப் பாத்து ஒரு வார்த்த கொஞ்சினா வாய்ல இருக்குற முத்து கொட்டிருமா?"

"தூக்கிக்கிட்டுத்தான் அண்ணி இருக்கேன்."

"தூக்குற லட்சணத்தத்தான் பாக்கறனே. தம்பி, நீயும் கேட்டுக்க. இன்னும் கொஞ்ச நாளு பாப்பேன். இப்படியே கத்திக்கிட்டுக் கெடந்தா அரியலூருக்குத் தூக்கிட்டுப் போயி நானே வளத்துக்குவேன். எங்கூட்டுல ரெண்டோட மூணா இருந்துட்டுப் போவுது."

 கலைச்செல்வன் ஸ்குரூ டிரைவரைத் துடைத்தான். அவன் அப்படித் துடைத்தால் ஒத்துக்கொண்டான் என்று அர்த்தம்.

அன்று புவனா நெடுநேரம் யோசித்தாள். பதற வேண்டும், பதறவில்லை. ஆனால் ஒன்று மட்டும், உணர்ச்சியாக இல்லாமல் வெறும் தகவல் போலத் தெளிவாகத் தெரிந்தது. பிள்ளை இந்த வீட்டில் இருக்கும்வரைதான், என்றைக்காவது ஒருநாள் அவள் அதற்குத் தாயாக வாய்ப்பிருக்கிறது. அது அரியலூர் பஸ்ஸில் ஏறிவிட்டால் இவளும் முடிந்தாள்.

அப்போதுதான் அந்த இரண்டாவது ஜோடி வீட்டுக்கு வந்தது. துறையூர் ரோட்டில் பழைய இரும்புக் கடையில் உடைந்த ரேடியோக்களோடு கிடந்ததாம். கண்ணாடி மேலிருந்த எழுத்தெல்லாம் அழிந்து, எந்தக் கம்பெனி, எந்த வருஷம் என்று ஒன்றும் தெரியவில்லை. அவள் அதைத் தேர்ந்தெடுத்த அன்று, பெட்டியில் அது எரிந்துகொண்டிருந்த நேரம் முழுக்க, உள்ளறையில் கவியா அழவில்லை.

மறுநாள் அவன் வேறு ஜோடியைச் செருகினான். பிள்ளை வீறிட்டது. எழுத்து அழிந்த ஜோடியைச் செருகினான். வால்வு சூடேற ஏற, அழுகை தேம்பலாகி, தேம்பல் மூச்சாகி, அடங்கியது. ஹெட்போனுக்குள், பாட்டுக்குப் பின்னால், அந்தப் பெண் "ம்... ம்ம்..." என்று இழுத்துக்கொண்டிருந்தாள்.

"மொதலாவதா, ரெண்டாவதா?"

"ரெண்டாவது," என்றாள் புவனா. இந்த முறை தெரிந்தே சொன்னாள்.

அதன் பிறகு தினமும் அந்த ஜோடியைத்தான் சொன்னாள். அவன் வரிசையை மாற்றிப் போட்டு ஏமாற்றிப் பார்த்தான். எந்த முறை அந்த முனகல் கேட்டதோ அந்த முறையைச் சொன்னாள். கலைச்செல்வனுக்குத் தலைகால் புரியவில்லை.

"என்னா காது புவனா ஒனக்கு! பாக்காமலே கரெக்டா அதையே புடிக்கிறியே. எங்க லேப்ல இருக்குற மீட்டரெல்லாம் ஒங்கிட்ட பிச்சை வாங்கணும்."

கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளை அவ்வளவு பெருமையாகப் பார்த்ததில்லை. அவனுக்கு அந்த முனகல் கேட்கவில்லை. பாடுகிறவளின் குரல் மட்டும்தான் கேட்டது. பின்னால் ஒன்றுமே இல்லை, சுத்தமாக இருக்கிறது, அதுதான் இந்த ஜோடியின் அழகு என்றான்.

நாள் போகப்போக மண்டபம் சிறுத்தது. முதலில் எதிரொலி போனது. பிறகு கல்தரையின் குளிர்ச்சி போனது. பாட்டுக்குப் பின்னால் இப்போது ஒரு தாழ்வான அறை இருந்தது. அதில் ஒரு மின்விசிறி சுற்றுக்கு ஒருமுறை டிக்கென்று தட்டியது. இரும்புக் கொக்கியில் கயிறு உரசி கிரீச், கிரீச் என்றது. கதவிடுக்கில் நுழையும் பைபாஸ் பஸ்களின் ஹாரன் கேட்டது. எங்கோ கேட்ட அறை. ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். உள்ளறையில் மின்விசிறி சுற்றுக்கு ஒருமுறை டிக்கென்று தட்டியது. தூளி தானாக ஆடிக்கொண்டிருந்தது. யாரோ ஆட்டிவிட்டு இப்போதுதான் கையை எடுத்தது போல, மெதுவாக, சீராக.

பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. பயம் இருக்க வேண்டிய இடத்தை மனசுக்குள் தடவிப் பார்த்தாள். மரத்துப்போன பல் ஈறைத் தடவுவது போல இருந்தது.

கவியா பால் குடிப்பதை நிறுத்தினாள். மாரில் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் கன்னம் உருண்டது, தொடை மடிப்பு விழுந்தது. குனிந்து வாயை மோந்தாள் புவனா. பால் வாசனை. அவளுடைய பால் இல்லை. நாள்பட்டு மூடி வைத்த துணிப்பெட்டியைத் திறந்தால் வருகிற வாசனையும் அதில் கலந்திருந்தது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. அழாத பிள்ளையை யாரும் அரியலூருக்குத் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பானுப்ரியா வந்தாள். வெயிலில் வந்த களைப்போடு ஹாலில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டாள். கலைச்செல்வன் ஆம்ப்பைப் போட்டு வைத்திருந்தான். கேட்கிறவர் இல்லாமல் ஹெட்போன் மேசை மேல் கிடக்க, எழுத்து அழிந்த இரண்டு வால்வுகளும் எரிந்துகொண்டிருந்தன. புவனா சமையலறையில் டீக்குப் பால் வைத்தாள்.

ஹாலிலிருந்து பேச்சு கேட்டது.

"யார்றா தம்பி இது, ஒம் பொண்டாட்டியா பாடுறது?"

"நானே இன்னக்கித்தான்க்கா கேக்கறேன்."

"ஊமைச்சின்னுல்ல நெனச்சிருந்தேன். என்னமா இழுக்குறா!" பானுவின் குரல் உயர்ந்தது. "நிறுத்தாத புவனா, பாடு பாடு. புள்ள தூங்கட்டும்."

புவனா அசையாமல் நின்றாள். உள்ளறையிலிருந்து, ஹெட்போன் இல்லாமல், வீட்டுக் காற்றில் அது கேட்டது. ம்... ம்ம்... கையை எடுத்துத் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். மூடியிருந்தது. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, கருகல் வாசனை எழுந்தது.

டம்ளர்களோடு ஹாலுக்கு வந்தபோது பானு அவளைப் பார்த்தாள், உள்ளறையைப் பார்த்தாள்.

"அடியே, இப்பத்தான் உள்ள பாடிக்கிட்டிருந்த. அடுப்படிக்கு எப்படிப் போன?"

"கொல்லப் பக்கமா சுத்திப் போனேன் அண்ணி."

பானு டீயைக் குடித்து முடித்தாள். எழுந்து போய்த் தூளியை விலக்கிப் பார்த்தாள். தூங்கும் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டாள். திரும்பி வந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

"வாய்க்கு வந்ததப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காதடி. ஒம்புள்ள ஒங்கிட்டயே இருக்கட்டும். இனிமே நான் கேக்க மாட்டேன்."

அக்காவை பஸ் ஏற்றிவிட கலைச்செல்வன் வண்டியை எடுத்தான். சத்தம் தெருமுனை திரும்பி மறைந்தது.

புவனா ஆம்ப்பின் முன்னால் நின்றாள். வெயில் இறங்கி, ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் நீண்டு கிடந்தது. ம்... ம்ம்... என்று உள்ளறை இழுத்துக்கொண்டிருந்தது.

போதும் என்று நினைத்தாள். காரியம் முடிந்தது. பிள்ளை இங்கேயே இருக்கப் போகிறது. இனி அழுதால் அழட்டும். அழுகிற பிள்ளையைத் தூக்கித் தூக்கித்தான் அவள் கற்றுக்கொள்ள வேண்டும். இந்த ஜோடி இனிப் பஞ்சுக்குப் போக வேண்டும்.

சுவிட்சை அணைத்தாள். ஆறும்வரை காத்திருக்கவில்லை. கொதிக்கும் கண்ணாடியை வெறும் விரலால் பிடித்து இழுத்தாள். தோல் ஒட்டி உரிந்தது, பொசுங்கல் வாசனை வந்தது. வலிக்கவில்லை. இரண்டாவதையும் இழுத்தாள்.

முனகல் பாதியில் அறுந்தது.

தூளியின் கொக்கி ஒரே ஒருமுறை கிரீச்சிட்டது. பாரம் ஏறினால் வரும் சத்தம்.

பிறகு அமைதி.

டப்பாவில் கைக்கு வந்த ஜோடியை எடுத்துச் செருகி, சுவிட்சைப் போட்டாள். போய்விட்டதா என்று உறுதி செய்துகொள்ள ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். கம்பி சிவந்தது. வீணை. பாடுகிறவள். எதிரொலிக்கும் பெரிய மண்டபம், கல்தரை, பழையபடி. முனகல் இல்லை.

மண்டபத்தின் கடைக்கோடியில், இடது பக்கம், ஒரு குழந்தை அழுதது.

இரண்டு சின்ன இழுப்பு, ஒரு நீண்ட மூச்சடைப்பு, பிறகு வீறல். கவியா அப்படித்தான் அழுவாள்.

ஹெட்போனைக் கழற்றினாள். வீட்டில் சத்தமே இல்லை. மாட்டினாள். அழுகை. கழற்றினாள். மின்விசிறி டிக். மாட்டினாள். அழுகை.

திறந்திருந்த கதவு வழியாகத் தூளி தெரிந்தது. எப்போதும் இடுப்புயரத்தில் தொங்கும். இப்போது தரையைத் தொட்டுவிடும்போல இறங்கியிருந்தது. சேலை விறைத்து, நூல் இழுபட்டு, உள்ளே எதன் முதுகோ வளைந்து தெரிந்தது. ஆடவில்லை. மூச்சு விட்டது.

அவள் அந்தப் பக்கம் போகவில்லை. வால்வுகளைப் பிடுங்கினாள். அடுத்த ஜோடி. அழுகை இன்னும் தூரத்தில், சுவருக்கு அப்பால். இது இல்லை. பிடுங்கினாள். அடுத்தது. கொஞ்சம் கிட்டே. தேம்பல் கேட்டது. இது இல்லை. இன்னும் கிட்டே வேண்டும். பிடுங்கினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் உண்மையாகவே ஒப்பிட்டாள். எது? எதில்? எதில் பக்கத்தில் இருக்கிறாள்? விரல்நுனிகளில் தோல் இல்லை. கண்ணாடியில் ரத்தம் ஒட்டியது. பஞ்சு தரையெல்லாம் பறந்தது.

கடைசியில் எழுத்து அழிந்த அந்த ஜோடியைத் திரும்பச் செருகினாள்.

காதோரம். கன்னத்தோடு கன்னம் வைத்தாற்போல. கவியாவின் மூச்சு, மூக்குச் சளியின் கறகறப்பு, நாக்கு உதட்டைத் தேடும் ஈரச் சத்தம். கையை நீட்டினாள். காற்று.

ஜாக்கெட் நனைந்தது. மார் இரண்டும் கனத்து, வலித்து, பால் தானாகப் பீறிட்டு வயிறு வரை வழிந்தது. கடைசியில் வலித்தது. எல்லாம் ஒன்றாக வலித்தது. "கண்ணு," என்றாள். அந்தச் சொல்லை அவள் இதுவரை சொன்னதில்லை. "கண்ணு, அம்மா இங்கதான்டா இருக்கேன்."

அழுகை நிற்கவில்லை. அவள் குரல் கவியா இருந்த பக்கத்துக்குப் போகவில்லை.

வாசலில் வண்டி நின்றது. செருப்புக் கழற்றும் ஓசை. கலைச்செல்வன் அவளை ஹெட்போனோடு பார்த்துவிட்டு, சத்தம் போடாதே என்பது போல உதட்டில் விரல் வைத்துச் சிரித்தான். உள்ளறைக்குப் போனான். போகாதீங்க என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். ம்... என்று மட்டும் வந்தது.

அவன் குந்தி உட்கார்ந்தான். "முழிச்சிட்டியாடா தங்கம்?" என்று சேலை மடிப்புக்குள் சுட்டுவிரலை நீட்டினான்.

மடிப்புக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. வளர்ந்த பெண்ணின் கை. நகங்களில் பழைய மருதாணி. கைக்குழந்தை பிடிப்பது போல, அவன் ஒற்றை விரலை முழு உள்ளங்கையாலும் சுற்றி இறுக்கிக்கொண்டது.

"புவனா, இங்க பாரேன்," என்று அவன் திரும்பாமலே சிரித்தான். "என்னமா புடிக்கிறா!"

புவனாவின் காதுக்குள் கவியா வீறிட்டுக்கொண்டிருந்தாள். தூளியிலிருந்து இன்னொரு கையும் வெளியே வந்து, சேலையின் விளிம்பை மெதுவாக விலக்கத் தொடங்கியது.