வாஃபிளுக்கு வெள்ளிக்கிழமை ஊசி

அலறல் ஐஸ்க்ரீம் வரிசையிலிருந்து வந்தது.

கடைக்குள் உருண்டுகொண்டிருந்த தள்ளுவண்டிகள் எல்லாம் நின்றன.

ஃப்ரீஸர் பெட்டியின் ஓரத்தில் ஆர்லிஸ் டோலெஃப்சன் மல்லாந்து கிடந்தாள். எழுபதை நெருங்கும் வயது. வலது முன்கையில் ஆழமான பல் குழிகள். தலைக்கடியிலிருந்து ரத்தம் மெதுவாகப் பரவி, சிதறிக் கிடந்த உருளைக்கிழங்குத் துண்டுகளை நனைத்துக்கொண்டிருந்தது.

பக்கத்தில் ஒரு நாய்.

பழுப்பு நிறம். முதுகில் சிவப்பு கோட். 'மனத்துணை நாய்' என்று வெள்ளை எழுத்து; மனம் உடைந்தவர்கள் ஆறுதலுக்கு வைத்துக்கொள்ளும் நாய்.

அது அவள் விரல்களை நக்கிக்கொண்டிருந்தது.

அலறியவள் ஆர்லிஸின் மகள் பிரென்னா.

"இந்த நாய்தான்... எங்கம்மாவக் கடிச்சுக் கொன்னுருச்சு..."

கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெரியவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நாயின் கழுத்துப் பட்டையைப் பிடித்தார். வெண்டல் மாக்கி. ஏரித் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

போலீஸ் வந்தது. டிடெக்டிவ் ஓடிஸ் குனிந்து நாயைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"உங்க நாயா சார்?"

"ஆமா. வாஃபிள்."

"இதுதான் கடிச்சுதா?"

வெண்டல் பிரென்னாவைப் பார்த்தார். அவள் அம்மாவின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஆமா" என்றார்.

சுற்றி நின்ற எல்லோரும் அதையே சொன்னார்கள். சிவப்பு கோட் போட்ட நாய்... சிவப்பு கோட்தான்... நான் பார்த்தேன்...

நகராட்சி விலங்குப் பிரிவு அதிகாரி ரோண்டா வந்து, வாஃபிளுக்கு வாய்ப்பூட்டு மாட்டி வண்டியில் ஏற்றினாள்.

அது வாலை ஆட்டிக்கொண்டே ஏறியது.

*

ஏரிக்கரை ஊரான டுலூத்தின் நகராட்சி நாய்க் கூடத்தில் கடைசிக் கூண்டு வாஃபிளுக்கு. கதவில் ஒரு பலகை தொங்கியது. 'கடிக்கும் நாய். திறக்காதீர்கள்.'

வெறிநோய் இல்லை என்று உறுதிப்படுத்தும் காவல் காலம் முடிந்ததும் கொல்லும் ஊசி. பிரென்னா போட்ட மனுவில் நீதிபதி கையெழுத்துப் போட்டாகிவிட்டது. நாள், வெள்ளிக்கிழமை.

அன்று புதன்.

ஓடிஸ் காபிக் கோப்பையுடன் எட்டிப் பார்த்தான்.

"இன்னும் சாப்பிடலயா இவன்?"

"தண்ணி மட்டும்தான். தட்டு வெச்சது வெச்சபடியே இருக்கு" என்றாள் ரோண்டா.

"குற்ற உணர்ச்சியா இருக்கும்."

"இத்தன வருஷத்துல உனக்கே அது வந்து நான் பாத்ததில்ல ஓடிஸ். நாய்க்கு வருமா?"

"வெளிய அந்தக் கிழவர் இன்னைக்கும் வந்திருக்காரு பாத்தியா?"

பார்த்திருந்தாள். தினமும் வெண்டல் தன் பழைய பிக்கப் வண்டியை எதிரே நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார். காவலில் இருக்கும் நாயைப் பார்க்க அனுமதி இல்லை. கேட்கவும் இல்லை அவர். கூடம் மூடும்போது போய்விடுவார்.

ரோண்டா கூண்டுக்குள் தட்டைப் பார்த்தாள். கல் மாதிரி உலர்ந்த தீனி. ஓரத்தில் சில உருண்டைகள் மட்டும் எச்சிலில் ஊறி, விழுங்க முடியாமல் துப்பப்பட்டுக் கிடந்தன.

அவள் சாவியை எடுத்தாள்.

"ஏய்... பலகைல என்ன எழுதியிருக்கு, படிக்கத் தெரியாதா உனக்கு?"

"எழுதினதே நான்தான்."

உள்ளே போய் மண்டியிட்டாள். வாஃபிள் தலையை அவள் முழங்காலில் வைத்தது. உதட்டை மெல்லத் தூக்கிப் பார்த்தாள்.

பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஓடிஸ்... அந்தம்மா கைல எவ்வளவு ஆழம் குழி?"

"எலும்பு வரைக்கும். கடியால சாகல அவங்க. விழுந்து தலையில அடிபட்டதுதான். ரத்தம் உறையாம இருக்க மாத்திர சாப்பிட்டுட்டு இருந்தாங்களாம். ஏன் கேக்கற?"

"இவனுக்கு கோரைப்பல் ஒண்ணுகூட இல்ல. முன்பல்லும் இல்ல. என்னைக்கோ புடுங்கி, ஈறு மூடிருச்சு. இந்த வாய வெச்சுக்கிட்டு வெண்ணெயக்கூட கடிக்க முடியாது."

ஓடிஸ் காபியைக் கீழே வைத்தான்.

"அப்ப அந்தக் கிழவர் ஏன் ஆமான்னு சொன்னாரு?"

*

கடை மேனேஜர் ட்ரென்ட் இளைஞன். டை கட்டியிருந்தான். அதை அடிக்கடி இறுக்கிக்கொண்டான்.

"நாய் உள்ள வந்தா நீங்க எதுவும் கேக்க மாட்டீங்களா?" என்றாள் ரோண்டா.

"சட்டப்படி நான் கேக்கக்கூடியது ரெண்டே கேள்விதான் மேடம். ஊனத்துக்கு உதவற நாயா, என்ன வேலை பழகியிருக்கு... அவ்வளவுதான். அதுக்கு மேல வாயத் தொறந்தா வக்கீல் நோட்டீஸ்."

"அது வேலை பழகின நாய்க்கு. மனத்துணை நாய்க்கு அந்தச் சட்டமே பொருந்தாது. வேணாம்னு நீங்க வாசல்லயே சொல்லியிருக்கலாம்."

"சொல்லலாம். சொல்லிட்டு யார் படறது? கோட்டப் பாப்பேன், வணக்கம் சொல்வேன், அந்தப் பக்கம் திரும்பிக்குவேன்."

"சரி. அந்த நாய் எப்படி இருந்துச்சு?"

"சிவப்பு கோட்."

"கோட்டுக்குள்ள?"

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான்.

"தெரியல மேடம்."

"வாசல்ல கேமரா?"

"கேமரா கல்லாப்பெட்டியப் பாத்துட்டு இருக்கும்."

ஓடிஸ் சிரித்தான். "அது கடிக்காதே தம்பி."

"அந்தக் கோட்ட உள்ள கூட்டிட்டு வந்தது யாரு?" என்றாள் ரோண்டா.

"தொப்பி போட்ட பெரியவர். அதுக்கு முன்னாடி அந்தம்மா."

"எந்தம்மா?"

"இறந்துபோனாங்களே... அவங்கதான். நாய்க்குக் கட்டின தோல்வார கையில சுத்திப் பிடிச்சுக்கிட்டு வந்தாங்க."

ஓடிஸின் சிரிப்பு நின்றது.

"இத ஏன் அன்னைக்கே சொல்லல?"

"ரெண்டும் ஒரே நாய்னு நெனச்சேன் மேடம். ஒரே குடும்பம், மாத்தி மாத்திப் பிடிச்சிருக்காங்கன்னு... யாரும் என்னக் கேக்கவும் இல்ல."

வெளியே வந்ததும் ஓடிஸ் மெதுவாகச் சொன்னான்.

"டாக்டர் ரிப்போர்ட்ல ஒரு வரி இருக்கு ரோண்டா. வலது மணிக்கட்டுல பட்டையா சிவந்த தடம். வாட்ச்னு நெனச்சு விட்டுட்டேன்."

"வாட்ச் இடது கையில இருந்துச்சு."

*

பிக்கப் வண்டியின் கதவைத் தட்டிவிட்டு ரோண்டா ஏறி உட்கார்ந்தாள். இருக்கையெல்லாம் நாய் முடி. ஒரு பக்கம் ஏரி வெள்ளையாக உறைந்திருந்தது.

"உங்க வாஃபிளுக்குப் பல்லே இல்ல."

வெண்டல் கண்ணாடி வழியாகக் கூடத்தையே பார்த்தார்.

"ஊறவெச்சுக் குடும்மா. கோழிச் சாறுல. அப்பதான் சாப்பிடுவான்."

"என்ன பாத்தீங்க அன்னைக்கு?"

"விட்டுரும்மா."

"வெள்ளிக்கிழமை ஊசி போடப் போறது நான். எனக்குத் தெரியணும்."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"சின்ன வயசு நாய். கோட்டு மட்டும் இவன மாதிரி. ஒரு தள்ளுவண்டி அது கால்ல ஏறிருச்சு. அந்தம்மா தடவிக் குடுக்கக் குனிஞ்சாங்க. வலியில வெடுக்குனு கடிச்சுது. அவங்க சறுக்கி விழுந்தாங்க. நான் ஆளக் கூப்பிட ஓடினேன். வாஃபிள் என் கையிலேந்து நழுவி அவங்ககிட்டப் போயிட்டான். யாராவது அழுதா, விழுந்தா போயிருவான். அதான் அவன் குணம்."

"அந்த நாய்?"

"நான் திரும்பி வந்தப்ப இல்ல. பயந்து ஓடியிருக்கும். அந்தப் பொண்ணு வந்து இவனப் பாத்தா. இவன்தான்னு நம்பிட்டா."

"நீங்க மறுக்கல."

"நானும் அந்தப் பொண்ணும் அவ அம்மாவும் ஒரே பேக்கரியில காபி வாங்கறவங்கம்மா. மனசு ஒடிஞ்சு படுத்திருந்தவ கட்டில விட்டு எழுந்து வெளிய நடமாட ஆரம்பிச்சதே அந்த நாய வளர்க்க ஆரம்பிச்ச பிறகுதான். அதுவே அவ அம்மாவக் கொன்னுதுன்னா எப்படித் தாங்குவா?"

"அதுக்காக..."

"என் பையனும் நானும் உறைஞ்ச ஏரி மேல மீன் பிடிக்கப் போனோம். பனிக்கட்டி வண்டியத் தாங்கும்னு நான்தான் சொன்னேன். உடைஞ்சு அவன் உள்ள போயிட்டான்." ஏரியைக் கை காட்டவில்லை. பார்க்கவும் இல்லை. "நம்ம கையாலதான் போச்சுன்னு தெரிஞ்சுகிட்டே தினம் காலைல எழுந்து காபி போடறது... அத இன்னொருத்தருக்குக் குடுக்க எனக்கு மனசு வரல."

"வாஃபிள் என்ன பாவம் பண்ணான்?"

"அவனுக்கு விலாவுல கட்டி. பனி உருகற வரைக்கும் தாங்க மாட்டான்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"அந்த மிச்ச நாளும் அவன் நாள்தானே வெண்டல்?"

அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

*

பிரென்னாவின் சமையலறையில் துக்கம் கேட்க வந்தவர்கள் கொண்டுவந்த கண்ணாடிப் பாத்திரங்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் கொடுத்தவர் பெயர் எழுதிய ஒட்டுத்தாள். ஒன்றையும் யாரும் தொடவில்லை.

மேசைக்கடியில் ஒரு நாய் உறுமியது.

நீலக் கோட். புத்தம் புதுசு.

"டீசல், சும்மா இரு" என்றாள் பிரென்னா. "ஊசி வெள்ளிக்கிழமதானே?"

"கோட் புதுசா?" என்றாள் ரோண்டா.

"ம்."

"பழசு சிவப்புதானே?"

பிரென்னா ஒரு பாத்திரத்தின் மூடியைத் திறந்து, மறுபடி மூடினாள்.

"'நானும் அம்மாவும் மட்டும்தான் கடைக்கு வந்தோம்'னு எழுதிக் குடுத்திருக்கீங்க" என்றான் ஓடிஸ்.

"ஆமா."

"உங்கம்மா மணிக்கட்டுல வார் சுத்தின தடம் இருக்கு" என்றாள் ரோண்டா. "சுத்தின வார் தானா அவுந்துக்காது பிரென்னா. யாரு அவுத்தது?"

பிரென்னா நாற்காலியைத் தேடினாள். கிடைக்கவில்லை. தரையிலேயே உட்கார்ந்தாள். டீசல் வந்து அவள் மடியில் முகத்தைப் புதைத்தது.

"அம்மா அப்ப உசுரோடதான் இருந்தாங்க..."

டீசலின் காதைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"நான் பால் எடுக்கப் போயிருந்தேன். சத்தம் கேட்டு வந்தா, கண்ணத் தொறந்து என்னப் பாத்துட்டு இருந்தாங்க. 'எனக்கு ஒண்ணுமில்லடி, கைதான். மொதல்ல இவன வண்டியில ஏத்து. யாராவது பாத்தா தூக்கிட்டுப் போயிருவாங்க. இவன் போயிட்டா நீ மறுபடி படுத்துருவ'ன்னாங்க. நான் அவுத்தேன். கூட்டிட்டுப் போனேன். திரும்பி வந்து பாத்தா..."

ரோண்டா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்தக் கெழட்டு நாய் கைய நக்கிட்டு இருந்துச்சு. நான் பக்கத்துல இல்ல. அதுதான் இருந்துச்சு."

"அப்புறம் எதுக்கு அதக் கொல்லணும்னு மனு போட்டீங்க?"

"அது செத்துட்டா, அதுதான் கடிச்சதுன்னு ஆயிரும்ல?"

"வெண்டலுக்கு எல்லாம் தெரியும்" என்றாள் ரோண்டா. "கண்ணால பாத்தவரு. உங்களுக்குத் தெரிய வேணாம்னுதான் அவரு வாயத் தொறக்கல."

பிரென்னா நிமிர்ந்தாள்.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்சாரு?"

அவள் அழவில்லை. அதுதான் பார்க்கச் சிரமமாக இருந்தது. எழுந்து, ஆணியில் தொங்கிய வாரை எடுத்து டீசலுக்கு மாட்டி, ரோண்டாவின் கையில் கொடுத்தாள்.

"நேத்து பக்கத்து வீட்டுக் கொழந்த குனிஞ்சு கொஞ்ச வந்தா. இவன் உதட்டத் தூக்கி உறுமினான். கோட்டு போட்டா சாதுவாயிருவான்னு நெனச்சோம் நானும் அம்மாவும்."

டீசல் வாசல் வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போயிற்று.

*

வெள்ளிக்கிழமை.

ரோண்டா பலகையைக் கழற்றினாள். வாஃபிள் மெதுவாக நடந்து வெளியே வந்து, பிக்கப் வண்டியின் முன்னால் நின்றது. ஏற முடியவில்லை. வெண்டல் இரண்டு கையாலும் தூக்கி உட்காரவைத்தார்.

"அவளுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்."

அவர் ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நாயும் இல்லாம அந்தப் பொண்ணு தனியாவா இருக்கு இப்ப?"

"ஆமா."

"வீடு எந்தத் தெருவுல?"

சொன்னாள். வண்டி கிளம்பி, அவர் வீட்டுப் பக்கம் போகாமல் எதிர்த் திசையில் திரும்பியது. ஜன்னலில் ஒரு பழுப்புத் தலை.

ரோண்டா கையிலிருந்த வாய்ப்பூட்டைப் பார்த்தபடி நின்றாள். ஓடிஸ் அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"அம்மா மறைச்சாங்க, பொண்ணு மறைச்சா, பெரியவரும் மறைச்சாரு. பொக்க வாயத் தொறந்து உண்மையச் சொன்னவன் ஒருத்தன்தான் ரோண்டா... அவனுக்குத்தான் நாம மொதல்ல பூட்டு போட்டோம்."