மவுத்பீஸ் இல்லாத சாக்ஸபோன்

"அக்கா, நீ யாரையாவது தப்பாப் பிடிச்சிருக்கியா?"

அக்கா போலீஸ் வேலையில் சேர்ந்த புதிதில் தங்கை கேட்டது. அக்கா அன்று சிரித்து மழுப்பிவிட்டாள். அந்தக் கேள்வி இன்று பல்கலைக்கழக இசைத் துறையின் பயிற்சி அறையில் திரும்பி வந்து நின்றது.

தங்கைக்கு சாக்ஸபோன் இறுதித் தேர்வு. அதைக் கேட்க அக்கா விடுப்பு எடுத்து வந்திருந்தாள். வாசலிலேயே தங்கை ஓடிவந்து, "குடு, நான் தூக்கிட்டு வரேன்" என்று கைப்பையைப் பிடுங்கிக்கொண்டாள். அறைக்குள் வந்ததும் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாத்தியப் பெட்டியைத் திறந்தாள். மணி 9.40. தேர்வு பத்துக்கு.

"மவுத்பீஸைக் காணோம்க்கா."

வாயில் வைத்து ஊதும் அந்தக் கறுப்புத் துண்டு இல்லாவிட்டால் சாக்ஸபோன் வெறும் பித்தளைக் குழாய். மற்றவையெல்லாம் இருந்தன: கழுத்துப்பட்டை, துடைக்கும் துணி, மவுத்பீஸில் பொருத்தும் 'ரீடு' என்ற மெல்லிய நாணல் பட்டை. அக்கா ரீடை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள். விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டாள்.

"கடைசியா எப்போ திறந்தே?"

"நேத்து சாயங்காலம்."

"அறைச் சாவி?"

"எங்கிட்ட ஒண்ணு. நெட்டைகிட்ட ஒண்ணு."

நெட்டை அவளுடைய வகுப்புத் தோழி. அவளும் சாக்ஸபோன்தான். அடுத்த ஆண்டு மேற்படிப்புக்கு இருந்த ஒரே இடத்துக்கு இவர்கள் இருவருக்கும்தான் போட்டி. செய்தி கேட்டு வந்த பேராசிரியருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

"திருட்டுன்னா துறையை விட்டே நீக்கிடுவோம். எடுத்திருந்தா இப்பவே சொல்லிடும்மா" என்றார், பின்னாலேயே வந்து நின்ற நெட்டையிடம்.

"நான் எடுக்கல சார்." நெட்டை தன் மவுத்பீஸைத் தங்கையிடம் நீட்டினாள். "நேரமாச்சுடி. இதுல வாசி. எனக்கு மத்தியானம்தான் தேர்வு."

"வேணாம். அது எனக்குப் பழக்கமில்ல."

"போன வாரம் பூரா என் உயிரை வாங்கி இதுலதானே வாசிச்சே?"

அக்காவுக்குத் தலை சுற்றியது. திருடியதாகச் சொல்லப்பட்டவள் உதவ வருகிறாள், பறிகொடுத்தவள் மறுக்கிறாள். எந்த நூலை இழுத்தாலும் புது முடிச்சு விழுந்தது. கைக்குட்டையைப் பார்த்தாள்.

"இந்த ரீடை எதுக்கு நனைப்பீங்க?"

"காய்ஞ்சிருந்தா சத்தம் வராதுக்கா" என்றாள் நெட்டை. "வாயில வெச்சு ஊறவைப்போம். பெட்டியைத் திறந்தா கை தானாப் போயிடும்."

"அடுத்தவங்க ரீடையும் வாயில வைப்பீங்களா?"

"சீ. அடுத்தவங்க டூத்பிரஷ்ல பல்லு விளக்குவீங்களா? மவுத்பீஸைக் கழுவிக்கலாம். ரீடு அவங்கவங்களுது."

அக்கா தங்கையின் பக்கம் திரும்பினாள்.

"உன் ரீடு ஈரமா இருந்தது. நேத்து நனைச்சிருந்தா ராத்திரியே காய்ஞ்சிருக்கும். திருட வந்தவளும் அதை வாயில வைக்கமாட்டா. காலையில நீ இங்க வந்திருக்கே. பழக்கதோஷத்துல ரீடை நனைச்சிருக்கே. அப்புறம் வாசிக்கப் பயந்துட்டே."

தங்கையின் பார்வை அக்காவின் கைப்பைக்குப் போனது.

"பொறந்ததுல இருந்து என் பையை ஒரு தடவைகூட நீ தூக்கினதில்ல. இன்னிக்கு ஓடிவந்து வாங்கிக்கிட்டே."

அக்கா பையைத் திறக்கத் தயங்கினாள். இந்த ஒரு முறையாவது தான் தப்பாகப் பிடித்திருக்கவேண்டும் என்று தோன்றியது. திறந்தாள். சீப்புக்குப் பக்கத்தில் மவுத்பீஸ் இருந்தது. போலீஸ்காரியின் பையை யார் சோதிக்கப்போகிறார்கள்?

"கடைசிப் பக்கம் நேத்து வரைக்கும் வந்ததுக்கா. காலையில விரலுக்கே வரல. ஏன்னு தெரியல. தேர்வைத் தள்ளிவெப்பாங்கன்னு நெனச்சேன். இவ மேல பழி விழும்னு நெனக்கல."

"துறையை விட்டு நீக்கிடுவோம்னு சார் சொன்னப்போ நீ இங்கதானே நின்னுட்டிருந்தே?"

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். யாரும் அவரைப் பார்க்கவில்லை.

நெட்டை தன் மவுத்பீஸைத் துணியில் சுற்றிப் பைக்குள் போட்டாள். வளையத்திலிருந்து அறைச் சாவியைக் கழற்றிப் பியானோ மூடியின் மேல் வைத்தாள்.

"நெட்டை..." என்றாள் தங்கை.

நெட்டை கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனாள்.