நுங்கனின் விக்கல்

வியாழனின் நிலவான யுரோப்பாவின் பனிச் சுரங்கக் குடியிருப்பில், உணவுக்கூடத்து மேசைக்கு அடியில் யாரும் காலை நீட்டுவதில்லை. அங்கே பிராணிகள் படுத்திருக்கும். வெறும் கண்ணுக்குத் தரை மட்டும்தான் தெரியும். ஆனால் அந்தக் குடியிருப்பில் வெறும் கண் யாருக்கும் கிடையாது. வேலைக்குச் சேரும் அன்றே கண்ணுக்குப் பின்னால் அரிசி அளவில் ஒரு விழிச்சில்லு பதித்துவிடுவார்கள். அதன் பிறகு அது காட்டுவதுதான் காட்சி, அது எழுப்புவதுதான் சத்தம்.

அந்தச் சில்லுக்குள் ‘காட்டுக்கூட்டம்’ என்றொரு விளையாட்டு ஓடியது. தாழ்வாரங்களில் அலையும் பிராணிகளைப் பிடிக்கலாம், வளர்க்கலாம், அடுத்தவர் பிராணியோடு மோதவிடலாம். நாய் பூனை கொண்டுவர அனுமதி இல்லாத ஊர். அதனால் குனிந்து காற்றைத் தடவிக் கொடுப்பவரைப் பார்த்து அங்கே யாரும் சிரிப்பதில்லை.

விளையாட்டின் ஏழாம் பதிப்பு வந்த வாரம் குடியிருப்பே கொதித்துப்போனது. அடுப்பை மூட்டியவள் பனி வெட்டும் துளைப்பொறியை இயக்கும் தில்லைநாயகி. புதுப் பிராணிகள் வண்டி வண்டியாக வந்து இறங்கியிருந்தன. மோதல்களின் வேகமும் கூடியிருந்தது. அதெல்லாம் யார் கேட்டார்கள் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேச்சுச்சுவரில், அதாவது குடியிருப்பு முழுவதும் எழுதிச் சண்டை போட்டுக்கொள்ளும், சில்லுக்குள்ளேயே விரியும் அந்தப் பொதுச்சுவரில், அவள் பொரிந்து தள்ளினாள்.

“என் நுங்கன் எங்கே? பெயரைப் போலவே வழுவழுவென்று, மூன்று கண்ணோடு உருண்டு வருமே, அது. முதல் பதிப்பில் அது சாப்பிட்டு முடித்ததும் விக்கல் எடுக்கும். முதுகில் தட்டிக் கொடுத்தால்தான் நிற்கும். ஒவ்வொரு கதவடியிலும் நின்று மோந்து பார்க்கும். தோற்கப் போகிறோம் என்று தெரிந்தால் சண்டையை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கும். இது எதற்கும் புள்ளி கிடையாது. அதனால்தான் எனக்குப் பிடித்தது. இங்கே வந்த புதிதில் அறைக்குள் தனியாக அழுதேன். அப்போது என் காலடியில் உட்கார்ந்து விக்கியது அது ஒன்றுதான். இப்போது என் பின்னால் வருவது நுங்கன் இல்லை, நுங்கன் தோல் போர்த்திய ஏதோ ஒன்று. எந்த மடையன் அதைப் பிடுங்கினான்?”

விடிவதற்குள் சுவர் நிரம்பி வழிந்தது. தன் பிராணி இப்போதெல்லாம் தும்முவதில்லை என்று எழுதினான் பனி உருக்கும் பிரிவின் சூசையப்பன். ஆளாளுக்கு ஒரு குறை, ஆளாளுக்கு ஒரு சாபம். கடைசியில் துளைப்பொறிகளை நிறுத்திவிட்டார்கள். விக்கல் திரும்பி வராமல் பனி வெட்ட மாட்டோம் என்று அறிவித்தார்கள். வியாழனைச் சுற்றும் கப்பல்கள் எல்லாவற்றுக்கும் குடிநீர் அந்தப் பனிதான். நிறுவனம் பதறிப்போய், விளையாட்டைப் பராமரிக்கும் ஜெபராஜை அனுப்பிவைத்தது.

ஜெபராஜ் உணவுக்கூடத்தில் எல்லோர் முன்பும் நின்றார். பயணக் களைப்பு முகத்தில் தெரிந்தது.

“ஏழாம் பதிப்புல நாங்க எதையும் எடுக்கலை மேடம்.”

“அப்ப என் நுங்கன் ஏன் விக்கமாட்டேங்குது?” என்று எழுந்தாள் தில்லைநாயகி.

“அது அஞ்சாம் பதிப்பு ஓடுனப்பவே போயிருச்சு. நாலு வருஷம் ஆச்சு.”

சூசையப்பன் தன் காலடியைக் குனிந்து பார்த்துக்கொண்டான்.

“பொய் சொல்லாதீங்க சார். தினம் அதோடதான் வேலைக்குப் போறேன், வாறேன். எனக்குத் தெரியாம போயிருமா?”

“யாரும் உக்காந்து முடிவு பண்ணி எடுக்கிறதில்லை மேடம். யாருமே பாக்காத அசைவை விழிச்சில்லு தானா உதுத்துவிட்டுரும், இடம் மிச்சமாகட்டும்னு. அது விக்குறப்ப உங்க கண்ணு பேச்சுச்சுவர் மேல இருந்திருக்கு. உங்களை மட்டும் சொல்லலை. இங்க எல்லாருக்கும் அப்படித்தான்.”

உண்மை சுடும்போது மனிதர்கள் வழக்கமாகச் செய்வதைத்தான் தில்லைநாயகியும் செய்தாள். குரலை உயர்த்தினாள்.

“ஓஹோ, எடுத்தது நீங்க, பழி எங்க மேலயா? மனுஷன்னா அசந்து மறந்து இருக்கத்தான் செய்வான். அதுக்காக இருக்கிறதைத் திருடிட்டுப் போயிருவீங்களா? நாலு வருஷமா ஏமாத்திட்டு, வந்து நின்னு வியாக்கியானம் பேசுறீங்க. இப்பவே திருப்பிக் குடுங்க. இல்லைன்னா ஒருத்தரும் துளைப்பொறியத் தொடமாட்டோம்.”

“ஆமாக்கா, விடாதீங்க,” என்றான் சூசையப்பன். கூடமே இரைந்தது.

ஜெபராஜ் வாதாடவில்லை. அவருடைய மேலிடத்துக்கு வேண்டியது பனி, நியாயம் அல்ல. கையிலிருந்த கணினிப் பலகையில் பழைய அசைவுகளைத் தேடி எடுத்து, அங்கேயே எல்லாருடைய சில்லுக்கும் ஏற்றினார்.

மேசைகளுக்கு அடியில் ஒரு தும்மல் கேட்டது. எங்கோ ஒரு பிராணி கொட்டாவி விட்டது. பிறகு தில்லைநாயகியின் காலடியில், சின்னதாக, ஒரு விக்கல்.

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நுங்கனின் முதுகில் தட்டிக் கொடுத்தாள். சுற்றிலும் பெரிய பெரிய ஆட்கள் மண்டிபோட்டு, ஒன்றுமில்லாத தரையைக் கொஞ்சிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சந்தோஷம் உண்மையானதுதான்.

ஆனால் இப்படி ஒரு வெற்றியை ஊருக்குச் சொல்லாமல் இருக்க முடியுமா? தில்லைநாயகி எழுந்து நாற்காலியில் அமர்ந்தாள். கண்ணை உயர்த்திப் பேச்சுச்சுவரைத் திறந்தாள். நாலு வருஷத் திருட்டை அம்பலப்படுத்த வேண்டும், ஜெபராஜை நார் நாராகக் கிழிக்க வேண்டும். “சின்னச் சின்ன விஷயங்களின் அருமை தெரியாத கல்நெஞ்சுக்காரர்களே,” என்று ஆரம்பித்தாள். எழுத எழுதக் கோபம் ஏறியது. பாராட்டுகள் வந்து குவிந்தன. எதிர்த்து எழுதிய ஒருவனுக்கு அவள் பதில் யோசித்துக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்து மேசைகளிலும் ஒவ்வொருவராக எழுந்து அமர்ந்து சுவரைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

நுங்கன் விக்கியது. மூன்று கண்ணாலும் அவளை அண்ணாந்து பார்த்தது. சற்றுப் பொறுத்து மறுபடி விக்கியது.

“ச்சே, ஒரு வரி எழுத விடுதா பாரு,” என்றாள் தில்லைநாயகி. கீழே பார்க்காமலேயே விரலைச் சொடுக்கி அதன் சத்தத்தை அணைத்தாள்.