பின்னால் எத்தனை பேர்?

வெண்டல் கிராட்ஸுக்கு வழிவிட்டு ஒதுங்கிய இருவரும், அவர் கடந்துபோன பிறகும் பாதைக்குத் திரும்பவில்லை. சைக்கிள்களைப் புதரில் சாய்த்துப் பிடித்தபடி, அவர் வந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஹார்க்கர் முகட்டுப் பாதை ஒரு சக்கரம் போகும் அகலம்தான். எதிரே வருபவரிடம் நமக்குப் பின்னால் எத்தனை பேர் என்று சொல்லிவிட்டுப் போவது அங்கே வழக்கம். ஏறுபவருக்கே முன்னுரிமை என்றும் ஒரு விதி உண்டு. மனைவியின் காரைவிட விலை கூடிய சைக்கிளில் இறங்கி வரும் தனக்கு அது பொருந்தாது என்பது வெண்டலின் கருத்து.

"நான் மட்டும்தான்! பின்னால யாரும் இல்ல!" அவர் நின்று கத்தினார்.

"விளையாடாதீங்க சார்," இருவரில் ஒருத்தியான பெண் சிரித்தாள். "இவ்வளவு ஒட்டிக்கிட்டு வர்றாரு. பிரேக் போட்டீங்கன்னா உங்க முதுகுலதான் ஏறுவாரு."

திரும்பினார். பாறை, சருகு, சாயும் வெயில். கிண்டல்தான். பென்சில்வேனியாவில் அவரைப் போன்ற பல் மருத்துவர் மலைச் சைக்கிள் வாங்கினால் கிண்டல் இலவசம்.

கீழே வண்டி நிறுத்துமிடத்தில் மனைவி லோரீன் காத்திருப்பாள். "இருட்டினா பூங்கா கேட்டைப் பூட்டிடுவாங்க. உன் வீரப் பிரதாபத்துக்காக நான் உள்ள மாட்டிக்க முடியாது" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். அவர் கிளம்பினார்.

ஈரச் சருகின் புளித்த வாடையும், கற்களின் மேல் டயர் வழுக்கி ஏறும் முனகலும், மிதிக்காமல் உருளும்போது பின்சக்கரம் எழுப்பும் டிக்டிக் ஒலியும் மட்டுமே இருந்த அந்தச் சரிவில், மேட்டுக்காக மறுபடி மிதிக்கத் தொடங்கிய பிறகும் அந்த டிக்டிக் நிற்கவில்லை என்பது அவருக்குச் சற்றுத் தாமதமாகவே உறைத்தது.

மிதித்தால் தன் சக்கரம் மௌனமாகும். மிதித்தார். டிக்டிக்.

எதிரொலி என்று தனக்கே விளக்கினார். விருந்துகளில் கையில் மதுக்கோப்பையோடு பேசும் அதே குரலில். விளக்கம் முடிவதற்குள் பிரேக் தீயும் நாற்றம் வந்தது. அவர் பிரேக்கைத் தொடவே இல்லை.

நின்றார். டிக்டிக் நின்றது. ஒரு நொடி தாமதித்து.

பிடரியில் மூச்சு. குளிர்ந்த மூச்சு.

வாழ்க்கையில் முதல்முறையாக வெண்டல் ஒதுங்கி வழிவிட்டார். "போங்க," என்றார். குரல் எழவில்லை.

யாரும் வரவில்லை. ஆனால் பாதையின் சருகுகள் ஒவ்வொன்றாக அமுங்கின. நேர்க்கோடாக. அவரைக் கடந்து. கீழே.

வளைவுக்கு அப்பால் யாரோ ஏறி வரும் மூச்சிரைப்பு. "பின்னால எத்தனை பேருங்க?"

"யாரும் இல்ல. நான்தான் கடைசி."

அது வெண்டலின் குரல். அவர் வாயைத் திறக்கவே இல்லை.

ஏறி வந்தவர் தாடிக்கார ஆள். வெண்டல் கையை ஆட்டினார், கத்தினார், குறுக்கே நின்றார். அந்த ஆள் வேகத்தைக் குறைக்கவில்லை. பனிக்குள் போவதுபோல் அவருக்குள் புகுந்து, ஒருமுறை சிலிர்த்து, மேலே போனார்.

லோரீன்.

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார். கற்கள். வேர்கள். விழுந்தார். வலிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மரங்கள் விலகின. கீழே கார். பின்பக்கத் தாங்கியில், அவர் மேலே போட்டுவிட்டு வந்த அதே சைக்கிள். அவருடைய சட்டையில் ஒரு முதுகு.

"பரவால்லையே, சொன்ன நேரத்துக்கு வந்துட்டே!" லோரீன் சிரித்தாள். "உடம்பு ஏன் இப்படி ஜில்லுனு இருக்கு? ஏறு, ஹீட்டர் போடறேன்."

"லோரீன்! ஏறாதே!"

அவள் அவர் பக்கம் நேராகப் பார்த்தாள். மரங்களை மட்டுமே பார்த்தாள். காரில் ஏறினாள்.

அது மட்டும் திரும்பியது. வெண்டலின் முகம். மெல்ல வாயைத் திறந்து அவரிடம் காட்டியது. பல் இல்லை, ஈறு இல்லை, நாக்கும் இல்லை. உள்ளே முடிவில்லாமல் இறங்கும் இருட்டு.

பிறகு காருக்குள் குனிந்து, மிகுந்த அக்கறையோடு, லோரீனின் சீட் பெல்ட்டை இழுத்துப் பூட்டியது.