மூச்சு எண்ணும் கம்ப்யூட்டர்

மத்தியானம் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு ஹாலுக்கு வந்தபோதுதான் அண்ணன் அதைக் கவனித்தான். கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்த ஸ்கிரிப்ட், அவன் எழுதிய சின்னப் புரோகிராம், காட்டிய நேரமும் சுவர்க் கடிகாரமும் ஒத்துப்போகவில்லை. ஸ்கிரிப்ட் ஏழு நிமிடம் பின்தங்கியிருந்தது.

உள்ளறையில் தங்கை தூங்கிக்கொண்டிருந்தாள். இரவு டியூட்டி பார்க்கும் நர்ஸ், பகலில்தான் தூக்கம். தூக்கத்தில் சில நேரம் அவளுக்கு மூச்சு நின்றுவிடும். தட்டி எழுப்பினால் திரும்ப வரும், எழுப்பாவிட்டால் வராது. அதற்காகவே அவள் தலையணையோரம் மைக் வைத்து, அதை ஹாலில் இருக்கும் லினக்ஸ் கம்ப்யூட்டரோடு இணைத்து, அவனே அந்த ஸ்கிரிப்டை எழுதியிருந்தான். மைக்கில் கேட்பதை அது நிமிடம் நிமிடமாக வெட்டும், ஒவ்வொரு மூச்சாக எண்ணும், மூச்சே இல்லையென்றால் மணி அடிக்கும். ஒரு நிமிட ஒலியை எண்ணி முடிக்க நாலைந்து விநாடி போதும். இப்போது இரண்டு நிமிடம் பிடித்தது. ஏழு நிமிடம் கழித்து அடிக்கிற மணியால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

ஓடிப்போய் எட்டிப் பார்த்தான். ஜன்னல் திரைச்சீலை மறைத்த அரை இருட்டில், ஈரத்துணி வாடைக்கு நடுவே, அவள் போர்வை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தான். வேறு ஏதாவது புரோகிராம் மெமரியைத் தின்கிறதா, டிஸ்க் நிறைந்துவிட்டதா, தூசியடைத்துப் பெட்டி சூடாகிவிட்டதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தான். நடுநடுவே எழுந்து போய்ப் போர்வையைப் பார்த்தான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வெளியே மழை ஒரே சீராக இறங்க, கம்ப்யூட்டரின் விசிறி மட்டும் மேடேறுகிற வண்டிபோல் முனகியது.

ஆபீஸ் கூட்டாளிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னான். எல்லோருக்கும் அவன் ‘தாடி’.

"நேத்து ரெக்கார்டிங்க குடுத்து ஓட்டிப் பாருடா."

ஓட்டினான். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது.

"அப்ப ஸ்கிரிப்ட் மேல பழி போடாத. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு சுத்து ஓடுது இல்ல? இன்னைக்கு மூச்சு ஜாஸ்தி, அதான் நேரம் இழுக்குது. வீட்டுல விருந்தாளிங்களா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேனே!"

"நானும் அவளும் மட்டுந்தாண்டா இருக்கோம்."

"எத்தன மூச்சுன்னு திரையில காட்டச் சொல்லு."

ஒரு வரி சேர்த்தான். நானூற்றுச் சொச்சம் என்றது. ஒரே நிமிடத்தில். அடுத்த நிமிடத்துக்கு அதைவிட அதிகம்.

"மழைச் சத்தமா இருக்கும்டா," என்றான் தாடி. குரலில் கேலி இல்லை. "ஹெட்போன மாட்டிக் கேளு."

மாட்டினான். மழை இல்லை. மூச்சு. குழந்தையுடையதுபோல் விடுவிடுவென்று ஒன்று, அதன் மேலேயே சளி கட்டிய கிழட்டு மூச்சு ஒன்று, மைக்கை உதட்டால் உரசுகிற மாதிரி பக்கத்தில் நீளமாக இன்னொன்று. அதற்குப் பின்னால் எத்தனையோ. நெருக்கியடித்துக்கொண்டு, ஒரே அறைக்குள். அவள் சிறுமியாக இருந்த நாளிலிருந்து, பதினாறு வருஷமாகப் பக்கத்தறையிலிருந்து கேட்டுப் பழகிய மூச்சை அவற்றுக்குள் தேடினான். கண்ணை மூடித் தேடினான்.

இல்லை.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மணி தாமதமாக அடிக்கப்போவதில்லை. அடிக்கவே போவதில்லை. அவள் மூச்சு நின்றாலும் கம்ப்யூட்டர் எண்ணிக்கொண்டேதான் இருக்கும்.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடினான்.

அறையில் அவள் மட்டும். போர்வை அசையவில்லை. மூக்கருகே விரல் வைத்தான். ஒன்றுமில்லை. "எந்திரிடி! ஏய்! அண்ணன் கூப்பிடறேன் பாரு!" கன்னத்தில் அறைந்தான். தரையில் கிடத்தினான். வாயோடு வாய் வைத்து ஊதினான். நெஞ்சை அழுத்தினான். ஊதினான். "என்ன விட்டுட்டுப் போயிடாதடி." ஊதினான்.

மார்பு ஏறியது.

தானாக.

அழுதபடியே அவள் உதட்டில் காதை வைத்தான்.

விடுவிடுவென்று ஒரு சின்ன மூச்சு. அது முடிந்ததும் சளி கட்டிய மூச்சு. அதற்குப் பின் நீளமான ஒன்று. ஒன்று இறங்கக் காத்திருந்து அடுத்தது ஏறியது. அதே மார்பு. அதே வாய். புதிது. புதிது. இன்னொன்று. நடுவில் அவள் நுழைய இடமே விடாமல்.