வரிசையில் வைத்த குடம்

காலையில் கேட்டைத் திறந்தால் வாசலில் ஒரு பச்சை பிளாஸ்டிக் குடம். விளிம்பில் தீயில் உருக்கி ஒட்டிய தழும்பு. வயிற்றில் சிவப்பு நெயில்பாலிஷில் 'தி' என்ற எழுத்து. அப்பாசாமிக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"யாரோட குடம்ங்க இது?" என்றாள் மனைவி எல்லம்மாள்.

"எனக்கென்ன தெரியும்?" காது மடல் சுட்டது. அவள் உள்ளே போனதும் குடத்தை மதிலுக்கு அப்பால் வீசினார்.

கீழ்பென்னாத்தூர் பக்கம் அவருடைய பழைய ஊர். அப்போது அங்கே மூன்று வருஷமாக மழை இல்லை. ஏரியைத் தூர்வாருவோம், அதுவரை யாரும் புது போர் போடக் கூடாது என்று ஊர் கூடி முடிவெடுத்தபோது முதல் கையெழுத்துப் போட்டவரே அவர்தான். அடுத்த மாதமே தன் நிலத்தில் அறுநூறு அடிக்கு போர் இறக்கி, செங்கம் ரோட்டு விடுதிகளுக்கு லாரி லாரியாகத் தண்ணீர் விற்றார். ஊர் அடிபம்பு காய்ந்துபோனது. பக்கத்து வீட்டு திரௌபதி குடத்தோடு வந்தாள்.

"புள்ளைக்கு ஜுரம்ணா. ஒரே ஒரு குடம் குடுங்கண்ணா."

"லாரி ரொம்பட்டும்மா. வரிசையில வெச்சிட்டுப் போ, ரொப்பி வெக்கறேன்."

அவர்கள் ஊரில் குடம் வரிசையில் இருந்தால் ஆளே நிற்கிற மாதிரி. அதை யாரும் தாண்ட மாட்டார்கள். அப்பாசாமி தாண்டினார். அடுத்தடுத்து லாரிகள்தான் நிரம்பின. மூன்றாம் நாள் திரௌபதி தலை துவண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பெங்களூர் பஸ் ஏறினாள். பின்னாலேயே தெருவும் காலியானது. கடைசியில் போரும் வற்ற, அவர் டவுனை ஒட்டிய வேங்கிக்காலுக்கு வந்து இந்த வீட்டைக் கட்டிக்கொண்டார். ஊரைக் காலி செய்தது வானம்தான் என்று, இங்கே வந்தபிறகு கல்யாணம் பண்ணிக்கொண்ட மனைவியிடமே சொல்லி வைத்திருந்தார். அந்த வெட்கம் சோற்றில் கல்லாக நெருடிக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் எல்லம்மாள் பிரதோஷத்துக்குக் கோயிலுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. மின்விசிறி ஓய்ந்த அமைதியில், காய்ந்த ஏரிச் சேற்றின் வாடை ஜன்னல் வழியாக வந்து திரைச்சீலையில், தலையணையில், அவர் நாக்கில் படிய, தொலைவில் எங்கோ ஒரு அடிபம்பு வறட்டுத் தொண்டையால் கிறீச் கிறீச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. இந்தத் தெருவில் அடிபம்பே கிடையாது.

தாகம். செம்பை எடுத்துக் குடித்தார். வாய் நனையவில்லை.

தரையில் பிளாஸ்டிக் உரசும் சத்தம்.

கூடத்தில் குடங்கள். வாசலிலிருந்து அவர் நாற்காலி வரை ஒரே வரிசை. ஒவ்வொன்றிலும் ஒரு எழுத்து. எல்லாம் தெரிந்த எழுத்துகள். ஆள் யாரும் இல்லை.

முன்னால் பச்சைக் குடம்.

எழுந்திருக்கப் பார்த்தார். கால் அசையவில்லை. 'தப்பு பண்ணிட்டேன், திரௌபதி' என்று சொல்ல வாயைத் திறந்தார்.

கிறீச்.

அவர் தொண்டையிலிருந்து அந்தச் சத்தம்தான் வந்தது. வலது கையைச் சின்ன விரல்கள் பற்றின. ஜுரச் சூடு. கை தானாக மேலே போனது. கீழே வந்தது. மேலே. கீழே.

கிறீச். கிறீச்.

பச்சைக் குடம் நகர்ந்து வந்து அவர் முகவாய்க்குக் கீழே நின்றது. பின்னால் இருந்த குடங்களெல்லாம் ஒரு இடம் முன்னால் நகர்ந்தன.