பத்து வெள்ளை ரோஜாக்கள்

காலை 7.20. விஸ்மா கதவைத் திறந்தாள். வாசல் மிதியடியின் மேல் வெள்ளை ரோஜாக்கள் கிடந்தன.

யாரும் மணி அடித்திருக்கவில்லை. பூக்களைச் சுற்றிப் பளபளப்புத் தாள் இல்லை. பெயர் அட்டை இல்லை. தண்டுகளை ஒரே அளவில் சாய்வாக வெட்டி, வெள்ளை நூலால் கட்டி, நடுவே இரண்டு ஊசியிலைக் கிளைகளைச் செருகியிருந்தார்கள்.

அவள் எண்ணினாள். ரிகாவில் யார் பூவைப் பார்த்தாலும் முதலில் எண்ணத்தான் செய்வார்கள்.

பத்து.

மறுபடி எண்ணினாள். பத்துதான். உயிரோடு இருப்பவர்களுக்கு ஒற்றைப்படையில்தான் பூ கொடுப்பார்கள். இரட்டைப்படை செத்தவர்களுக்கு.

பூக்களைத் தொடாமல் தாண்டி, படியிறங்கினாள். தெருவில் ஈரப்பனி பெய்துகொண்டிருந்தது. டிராமுக்குக் காத்திருந்தபோது பையில் கையுறையைத் தேடினாள். கையில் கையுறை இருந்தது.

அவள் ஹால்டர்ன் வங்கியின் ரிகா கிளையில் கணக்குச் சரிபார்ப்பவள். தன்னிடம் வந்த வாடிக்கையாளர்களில் டஜன் கணக்கான நிறுவனங்களுக்கு ஒரே விலாசம் இருப்பதைக் கோடையில் கவனித்தாள். ஒரு மதியம் அங்கேயே போய்ப் பார்த்தாள். செருப்புத் தைக்கும் கடைக்கு மேலே, குடியிருப்பவர்கள் குழந்தைத் தள்ளுவண்டி நிறுத்தும் அறை. அந்த அறையின் பெயரில்தான் எங்கிருந்தோ பெரும்பணம் வந்து எங்கோ போய்க்கொண்டிருந்தது.

தலைமையகம் ரோட்டர்டாமில். அங்கே ஊழியர்களின் ரகசியப் புகார்களைக் கவனிக்க யோஸ்ட் டெக்கமா என்ற அதிகாரி இருந்தார். அவருக்கு எழுதினாள். 'உங்கள் பெயர் எனக்கு மட்டுமே தெரியும். வேறு எவருக்கும் போகாது' என்று பதில் வந்தது. பாதுகாப்பு உத்தரவாதத்தைத் தபாலில் அனுப்ப விலாசம் கேட்டார். தான் குடியிருக்கும் வாடகை வீட்டு விலாசத்தைக் கொடுத்தாள். வங்கியில் பதிவாகியிருந்தது ஜெல்கவாவில் உள்ள அம்மா வீடு. இந்த வாடகை வீட்டின் விலாசம் ரிகா வங்கியில் ஒருத்திக்குத்தான் தெரியும்: ஐவிதா.

வருகிற திங்கட்கிழமை அரசின் நிதிக் கண்காணிப்பு அலுவலகத்தில் விஸ்மா சாட்சி சொல்லவேண்டும். அதற்கு முன் இந்தப் பத்து பூக்கள்.

காலை 8.50. வங்கியின் நுழைவாயிலில் அடையாள அட்டையை வைத்தாள். விளக்கு சிவப்பாக எரிந்தது. இன்னொரு முறை வைத்தாள். மறுபடி சிவப்பு.

"கார்டு ஈரமாயிருக்கும். காயவெச்சுப் பாருங்க," என்று காவலாளி கதவைக் கையால் திறந்துவிட்டார்.

ஐவிதா உணவறையில் தயிர்க்கட்டி ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருடத் தோழி. அவள்தான் விஸ்மாவுக்கு இந்த வேலையை வாங்கித் தந்தவள்.

"ஏய், என்னடி மூஞ்சி இது? நார்முந்த்ஸ் கனவுல வந்தாரா?" நார்முந்த்ஸ் கிளை மேலாளர்.

"என் வீட்டு விலாசத்த யாருக்குக் குடுத்த?"

"என்ன?"

"வாசல்ல ரோஜா கிடக்குது. பத்து."

ஐவிதா ரொட்டியைக் கீழே வைத்தாள். "பத்தா? சரியா எண்ணினியா?"

"எனக்கு எண்ணத் தெரியும்."

"அங்கேர்ந்து அந்த டெக்கமா..."

"அவருக்கு இரட்டைப்படையப் பத்தி என்னடி தெரியும்? ரோட்டர்டாம்ல ஒருத்தருக்கும் தெரியாது. இத அனுப்பினது நம்ம ஊர் ஆளு. நான்தான் புகார் குடுத்தேன்னு நம்ம பேங்க்ல யாருக்குத் தெரியும்? உனக்குத்தான். உனக்கு மட்டும்தான் சொன்னேன்!"

உணவறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"மெதுவாப் பேசு," என்றாள் ஐவிதா. அவள் உதடு வெளுத்திருந்தது. "விஸ்மா, உன்னக் கெஞ்சறேன். மெதுவா."

அந்தக் கெஞ்சலைக் குற்ற உணர்ச்சி என்று விஸ்மா எடுத்துக்கொண்டாள். "எவ்வளவு குடுத்தாங்க உனக்கு?" என்று கேட்டுவிட்டு, நேராகக் காவல் நிலையத்துக்குப் போனாள்.

காலை 11.00. இன்ஸ்பெக்டர் ஸைகா பூர்மாலே விஸ்மாவின் வீட்டு வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கோட்டுப் பையில் கொழுப்பு அடைத்த சிறு ரொட்டிகள் வைத்திருந்தார்.

"காலைல ஒண்ணும் சாப்பிடல. தப்பா எடுத்துக்காதீங்க." ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். "தொட்டீங்களா?"

"இல்ல."

"மணி அடிச்சாங்களா?"

"இல்ல."

"கீழ்க் கதவு பூட்டியிருக்குமே?"

"காலைல நாய் கூட்டிட்டுப் போறவங்க திறப்பாங்க."

ஸைகா ஊசியிலைக் கிளையை விரலால் தொட்டார். "மிரட்டறவன் கதவத் தட்டிட்டுத்தான் ஓடுவான். நீங்க பாக்கலன்னா அவனுக்கு என்ன லாபம்? அதோட, மிரட்டறதுக்கு ரெண்டு கார்னேஷன் பூ போதும். சந்தைல ஒரு காபி விலைதான். இது நவம்பர் மாச ரோஜா. ஒவ்வொண்ணும் என் மதியச் சாப்பாட்ட விட ஜாஸ்தி." எழுந்தார். "பேங்க் கேட்ல கார்டு சிவப்பு காட்டிச்சுன்னு சொன்னீங்க. அதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது பூவப் பத்திப் பேசினீங்களா?"

"யார்கிட்டயும் இல்ல."

"உங்க தோழிகிட்ட கத்தினது?"

"அதுக்கு அப்புறம்தான்."

"சரி," என்றார் ஸைகா. அந்தச் 'சரி' விஸ்மாவுக்குப் பிடிக்கவில்லை.

பிற்பகல் 2.00. வங்கியில் ஸைகாவிடம் ஐவிதா குறைவாகப் பேசினாள்.

"நீங்க அனுப்பினீங்களா?"

"இல்ல."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"என் புருஷன்கிட்டக்கூடச் சொல்லல." கைக்குட்டையை நான்காக மடித்தாள். "அவ பத்திரமா இருக்காளா?"

"உங்கமேல கோபமா இருக்காங்க."

"அது பரவால்ல மேடம். பத்திரமா இருக்காளா?"

கிளை மேலாளர் நார்முந்த்ஸ் அதிகம் பேசினார். ஸைகாவுக்குக் காபி வரவழைத்தார். சாக்லேட் தட்டை நகர்த்தி வைத்தார்.

"உங்க ஊழியர் விஸ்மாவுக்கு மிரட்டல் வந்திருக்கு. அவங்க குடுத்த புகாருக்காக இருக்கலாம்."

"ஐயோ பாவம். நல்ல பொண்ணு. கொஞ்சம் கூச்ச சுபாவம். போலீஸ் சொல்ற எல்லா ஒத்துழைப்பும் தருவோம் மேடம்."

"அவங்க கார்டு வேலை செய்யலியே?"

"இயந்திரம்தானே. பனிக்காலத்துல என் காரே கிளம்ப மாட்டேங்குது."

மாலை நான்கு மணிக்கு யோஸ்ட் டெக்கமா கணினித் திரையில் தோன்றினார். கண்ணாடி அணிந்த, சிவந்த முகமுள்ள மனிதர். பின்னால் ஜன்னலில் ஆற்றுப் பாலம் தெரிந்தது.

"இன்னைக்குக் காலைல விஸ்மா வீட்டு வாசல்ல பூ வந்திருக்கு," என்றார் ஸைகா.

டெக்கமாவின் முகம் மலர்ந்தது.

"அத ஒரு கொலை மிரட்டலா நாங்க விசாரிக்கறோம்."

மலர்ந்த முகம் அப்படியே உறைந்தது. "மிரட்டலா? பூவா? எனக்குப் புரியல. அவங்க பேர நான் ரகசியமாத்தான் வெச்சிருக்கேன். எங்க விதிமுறை ரொம்பக் கண்டிப்பு."

"வேற யாருக்கும் சொல்லல?"

"புகார் விஷயமா, யாருக்கும் சொல்லல."

ஸைகா நன்றி சொல்லித் திரையை அணைத்தார். வெளியே வந்து வங்கியின் வரவேற்பறைப் பெண்ணிடம், மேசைமேல் இருந்த பூச்சாடியைக் காட்டி, "அழகா இருக்கே. எந்தக் கடை?" என்று கேட்டார்.

கடைக்காரி மிர்ட்ஸா குளிரில் விரல் வெடித்த, பருத்த பெண்மணி. ஸைகா சொன்ன விலாசத்தைக் கேட்டதும் தலையில் கட்டியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டாள்.

"ஆமாம்மா, நான்தான் வெச்சேன். நேத்து மத்தியானம் பேங்க்லேர்ந்து சொன்னாங்க. பத்து வெள்ளை ரோஜான்னா சாவு வீடுதானே? யாரு போனாங்கன்னு கேக்கவா முடியும்? அந்த வீட்டுல போய் மணி அடிப்பாங்களா? பளபளாத் தாள உருவிட்டு, சத்தம் போடாம வெச்சுட்டு வந்தேன். ஊசியிலைக் கிளை ரெண்டும் என்னோடது, காசு வாங்கல." கொஞ்சம் தயங்கினாள். "சின்ன வயசா?"

"சின்ன வயசுதான்," என்றார் ஸைகா.

"கடவுளே," என்று மிர்ட்ஸா நெஞ்சில் சிலுவை இட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை பத்து மணி. நார்முந்த்ஸின் அறை. திரையில் டெக்கமா. சுவரோரம் விஸ்மா, கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். ஐவிதா வரவில்லை.

"விஸ்மா ஒரு கணக்குப் போட்டாங்க," என்று ஸைகா தொடங்கினார். "பத்துன்னா சாவு. அது தெரிஞ்சவன்தான் அனுப்பியிருக்கணும். அதனால உள்ளூர் ஆளு. அதனால ஐவிதா. படிச்சவங்க போடற கணக்கு, படிப்படியா சரியாத்தான் இருக்கு. முதல் படி மட்டும் தப்பு. பத்துக்கு அர்த்தம் தெரியாதவனும் பத்து அனுப்பலாமே? மிஸ்டர் டெக்கமா, உங்க ஊர்ல ரோஜாவ எத்தனை எத்தனையாக் கட்டி விப்பாங்க?"

டெக்கமா கண்ணாடியைக் கழற்றினார். "பத்து."

"பூன்னு நான் சொன்னதும் உங்க முகம் மலர்ந்திச்சு. மிரட்டல்னு சொன்னதும்தான் வாடிச்சு. அனுப்பினவன் மட்டும்தான் அப்படி முதல்ல சந்தோஷப்படுவான்."

"நன்றி சொல்லணும்னு நெனச்சேன்," என்றார் டெக்கமா. "விசாரணை முடிஞ்சிடுச்சு. எதுவும் நிரூபணமாகலன்னு குழு முடிவு பண்ணிடுச்சு. அவங்க துணிச்சலுக்கு நான் தனிப்பட்ட முறையில... சத்தியமா, நல்ல எண்ணத்துலதான்."

விஸ்மா நிமிர்ந்தாள். "முடிஞ்சிடுச்சா?"

டெக்கமா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"பூவுக்கு எப்படிப் பணம் குடுத்தீங்க?" என்றார் ஸைகா.

"எந்த நாட்டுல அன்பளிப்போ, அந்த நாட்டுக் கிளை மூலமாத்தான் செய்யணும். அது விதி."

"ஆக, பேரு, விலாசம், செலவுக்குக் காரணமா துணிச்சலுக்கு நன்றின்னு ஒரு வரி. மூணையும் நேரா இந்த மேசைக்கு அனுப்பினீங்க."

அது புகார் விஷயமாக டெக்கமாவுக்குத் தோன்றவே இல்லை. பூ விஷயமாகத்தான் தோன்றியிருந்தது.

ஸைகா திரும்பினார். "இப்போ நீங்க, மிஸ்டர் நார்முந்த்ஸ். புகார் குடுத்தாங்கன்னு நேத்து நான் சொன்னேன். என்ன புகார், யார்மேலன்னு எந்த மேனேஜரும் கேப்பான். நீங்க சாக்லேட்ட நகர்த்தி வெச்சீங்க. முந்தாநேத்து மத்தியானமே உங்களுக்குத் தெரியும். அதனாலதான் நேத்துக் காலைல கார்டு சிவப்பு. ஆனா நான் இங்க வந்தது அதுக்காக இல்ல." அவர் மேசையில் கை ஊன்றினார். "நீங்க ரிகாவுல பிறந்தவரு. அம்மாவப் புதைச்சவரு. பத்துன்னு எழுதியிருந்தத நீங்க படிச்சீங்க. ஒன்பதுன்னு மாத்த ஒரு வார்த்தை போதும். மாத்தல. அப்படியே கடைக்குச் சொன்னீங்க. மிரட்டினவன் நீங்கதான். ஒரு விரலக்கூட அசைக்காம மிரட்டினீங்க."

நார்முந்த்ஸ் கோபப்படவில்லை. காபியை ஒரு வாய் குடித்தார்.

"தலைமையகம் பத்துன்னா பத்து. நான் கீழ்ப்படியற ஆளு. இது எந்தச் சட்டப் பிரிவுல வருது மேடம்?"

ஸைகா மேசையிலிருந்து கையை எடுத்தார். "எதுலயும் வராது."

"அப்போ காபி ஆறுது, குடிங்க." விஸ்மாவின் பக்கம் திரும்பினார். "உங்க பதவிய நாங்க எடுத்துட்டோம், விஸ்மா. கிளைய மறுசீரமைக்கறோம். தலைமையக முடிவு அரசாங்கத்துக்கும் போயிருக்கு, திங்கக்கிழமை உங்களுக்கு அலைச்சல் இல்ல. ஐவிதா பதவியும் போச்சு. பாவம், அவங்களுக்கும் இதெல்லாம் தெரியும்னு எனக்குத் தெரியவே தெரியாது. நீங்கதான் உணவறைல எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னீங்க."

திரையில் டெக்கமா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். வருந்துகிறேன் என்ற சொல் இரண்டு மூன்று முறை வந்தது. ஸைகா போய்த் திரையை அணைத்தார்.

வெளியே படிகளில் ஸைகா தன் பையிலிருந்து ரொட்டி ஒன்றை எடுத்து நீட்டினார். விஸ்மா வாங்கிக்கொண்டாள், தின்னவில்லை.

"கண்டுபிடிச்சு என்ன பிரயோஜனம்?" என்று கேட்டாள்.

"தெரியல," என்றார் ஸைகா. "உங்க தோழி செய்யலன்னு தெரிஞ்சுது. அது ஒண்ணுதான்."

மதியம் விஸ்மா பூச்சந்தைக்குப் போய் மஞ்சள் சாமந்தி வாங்கினாள். ஐந்து. கடைக்காரி கட்டும்போது எண்ணினாள். டிராமில் எண்ணினாள். ஐவிதாவின் வீட்டுப் படியேறும்போதும் எண்ணினாள்.

மணி அடித்தாள்.

ஐவிதா வீட்டுச் செருப்போடு வந்து கதவைத் திறந்தாள். அழுது முடித்த முகம். பின்னால் மேசைமேல், அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த கோப்பையும் சிறு கள்ளிச்செடியும் ஓர் அட்டைப் பெட்டியில் இருந்தன.

"நீ இல்லன்னு தெரிஞ்சுபோச்சு," என்றாள் விஸ்மா.

"எனக்கு முன்னாடியே தெரியும்டி," என்றாள் ஐவிதா.

விஸ்மா பூக்களை நீட்டினாள். ஐவிதாவின் கண்கள் அவற்றின் மேல் ஓடின. அவள் எண்ணுவது தெரிந்தது. கை நீட்டி ஒரு சாமந்தியை மட்டும் உருவி எடுத்துக்கொண்டாள். நிதானமாக, தண்டு முறியாமல்.

"எனக்கு இது போதும்," என்றாள். கதவு மூடியது.

படிக்கட்டு விளக்கு தானாக அணைந்தது. விஸ்மா இருட்டில் நின்றாள். எண்ணிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. அவள் கையில் நான்கு இருந்தன.